கிணற்றுக்கு ஒரு ஃபேர் காப்பி

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் தொழிலில் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம்; "நீ சொந்தமாக என்ன ஆராய்ச்சி செய்தாய்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும் பாருங்கள், அங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்றும்.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஸ்வீட் ஸ்டாலின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். எல்லோர் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்தாலும் வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் லேண்ட்லைனைத்தான் நம்புவோம். முதலாளி பார்த்திபனுக்கு முப்பத்திரண்டு வயது. தன்னை எம்.டி. என்று கூப்பிடச் சொல்வார். அவரையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். நான் அதற்கு முன் பதினெட்டு வருஷம் சேலையூரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். தொண்டை கட்டிப்போய், இனி சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், பேச வேண்டாத வேலை என்று நம்பி இங்கே சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே நான்கு அப்பாக்களோடு மாலை வரை பேசினேன்.

'ப்ரொஃபைல்' பார்ப்பது என் வேலை. பையனோ பெண்ணோ செய்ததையும் செய்யாததையும் கேட்டு, கல்லூரிக்காரர்கள் கண்ணுக்கு லட்சணமாக எழுதித் தர வேண்டும். அடுத்தவர் பிள்ளைக்காக இங்கிலீஷில் பாரா பாராவாக எழுதிக் களைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர், ஒரே ஆராய்ச்சி

ஒரே வாரத்தில் மூன்று பையன்கள் வந்தார்கள். மூன்று பேரும் கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்தார்கள். மூன்றும் கைரேகையை வைத்துக் கதவைத் திறப்பது பற்றியவை. படம், அட்டவணை, முடிவுரை, முடிவுரையில் இருந்த எழுத்துப் பிழை வரைக்கும் ஒன்றுதான். மூன்றாவது பையன் அவசரத்தில் நன்றியுரைப் பக்கத்தை மாற்றாமல் விட்டிருந்தான். அதில் அவன் தன்னுடைய அக்காவுக்கும் அக்கா கணவருக்கும் நன்றி சொல்லியிருந்தான். அவனுக்கு அக்காவே கிடையாது.

மூன்றும் ஒரே ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியவை என்று தெரிய எனக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்து, இப்படி அனுப்பினால் உங்கள் மூன்று பேர் விண்ணப்பமும் குப்பைக்குத்தான் போகும் என்று இருக்கிற தொண்டையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் விவரமானவன் போல இருந்தவன் மட்டும் பொறுமையாக எனக்குப் புரியவைத்தான்.

"மேடம், நாங்க மூணு பேரும் வேற வேற நாட்டுக்குத்தானே அப்ளை பண்றோம்?"

ஆராய்ச்சி செய்த அப்பா

அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். ஏதோ மத்திய அரசு ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் மொட்டை மாடியில் சூரிய ஒளியில் தண்ணீர் காய்ச்சும் பெட்டி செய்து ஆறு மாதம் சோதித்திருக்கிறான் என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. எந்தக் கண்ணாடி, எத்தனை டிகிரி, மழைக்காலத்தில் என்ன ஆயிற்று என்று பையனைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அப்பாதான் பதில் சொன்னார். நல்ல பதில்கள் அவை. கண்ணாடியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பதை என் மேஜைமேல் இருந்த காலண்டர் அட்டையைச் சாய்த்துக் காட்டியே விளக்கினார். பையன் ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், மாடிக்கு உங்க பையன் எத்தனை தடவை ஏறினான்?" என்று கடைசியில் கேட்டே விட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அவனுக்கு இன்ட்ரஸ்ட் இருக்கு மேடம், டைம்தான் இல்லை."

தொள்ளாயிரத்து எண்பது

இவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆய்வகத்தில் எங்களுக்கு இரண்டு நோட்டு. அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் ரஃப்பாக எழுதுவது, பிறகு ரெக்கார்ட் நோட்டில் மையால் அழகாக ஃபேர் காப்பி எடுப்பது. ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையில் விடை சென்டிமீட்டர் கணக்கில் தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டும். பதினெட்டு வருஷமும் என் வகுப்பில் எல்லோருக்கும் அது தொள்ளாயிரத்து எண்பதை ஒட்டியே வந்தது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது எப்படி என்று நானே கரும்பலகையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆள் வருவார், மார்க் போய்விடும், வேறு வழி இல்லை.

ஒரு பெண்ணுக்கு மட்டும் ஆயிரத்துப் பத்தே வந்துகொண்டிருந்தது. மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னேன். மூன்று முறையும் ஆயிரத்துப் பத்து. மணியடிக்கப் போகிறதே என்ற அவசரத்தில் அவள் நோட்டை வாங்கி ரீடிங்குகளை நானே திருத்தினேன். அவள் ஸ்டாண்டிலிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்சர் முன்னாடியே தெரியும்னா, நான் எதுக்கு மேடம் இவ்ளோ நேரம் ஆட்டினேன்?"

ஊரப்பாக்கத்துக் கிணறு

ஒரு செப்டம்பர் மாதம் தேன்மொழி வந்தாள். ஊரப்பாக்கத்துப் பூர்வீகக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போய், மிச்சம் இருந்தது ஒரு கிணறும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும். அப்பா கன்னியப்பன் அந்தக் கிணற்றிலிருந்து இரண்டு லாரியில் தண்ணீர் அடித்து, சுற்றிலும் முளைத்திருந்த அடுக்குமாடிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். பெண் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். மேற்கொண்டு நிலத்தடி நீர் பற்றிப் படிக்க வேண்டும் என்றாள். கல்லூரியே உதவித்தொகை கொடுத்தால் போவாள். கொடுக்காவிட்டால் கிணற்று இடத்தை விற்க வேண்டும், அதற்கு அப்பா சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

சொந்தமாக ஏதாவது செய்தாயா என்று வழக்கம்போல, பெரிய நம்பிக்கை இல்லாமல், கேட்டேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு லாங் சைஸ் நோட்டை எடுத்துவைத்தாள். ஈரம் பட்டுப் பட்டுத் தாள்கள் உப்பிப்போயிருந்தன. தினமும் காலை ஆறு மணிக்கு, முதல் லாரிக்கு ஹோஸ் போடுவதற்கு முன்னால், இரும்புக் குண்டு கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்திருக்கிறாள். அடிக்கு ஒரு முடிச்சு. அடிக்கும் குறைவான மிச்சத்துக்கு ஸ்கேல். இரண்டு வருஷத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல். காய்ச்சல் வந்த நாளில் கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, மார்க்கும் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தேன்.

கன்னியப்பன் இதெல்லாம் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சிட்டு வந்து கெணத்துக்கு எதுனா செய்வாளா மேடம், இல்ல இப்பிடியே எழுதிகினு இருப்பாளா?"

நான் செய்த திருத்தம்

இனிமேல் வருவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் வரைபடம் போட்டேன். கோடை வரவர நீர்மட்டம் இறங்கி, மழையில் ஏறி, மறுபடி இறங்கி அழகாகத்தான் போயிற்று. இரண்டு இடத்தில் மட்டும் உதைத்தது. ஒரு ஜூன் மாதம், சொட்டு மழை இல்லாமல் பதினோரு நாளில் தண்ணீர் மூன்றரை அடி ஏறியிருந்தது. ஒரு நவம்பரில், நான்கு நாள் விடாத மழையில் ஏற வேண்டியது இரண்டடி இறங்கியிருந்தது. சின்னப் பெண், அரைத் தூக்கத்தில் முடிச்சைத் தப்பாக எண்ணியிருப்பாள் என்று முடிவு கட்டினேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாக அந்த வேலையைச் செய்தது. அந்த இரண்டு மேடு பள்ளத்தையும் நிரவி, புதிதாக அட்டவணை டைப் அடிக்கச் சொல்லி, வழுவழுவென்று ஒரு ஃபேர் காப்பி எடுத்துவிட்டேன்.

தேன்மொழி அதைப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம், அது அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அளக்கவே தெரியாதவள் என்று நினைப்பார்கள், உதவித்தொகை போய்விடும் என்று நான் சொன்னேன். உதவித்தொகை என்றதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். 'இந்த அளவுகள் நானே எடுத்தவை' என்று கடைசிப் பக்கத்தில் இருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது பேனாவைச் சற்று நேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். எம்.டி.க்குப் பரம திருப்தி.

"சூப்பர் மேடம், இப்பத்தான் இது பார்க்க ரிசர்ச் மாதிரி இருக்கு."

ஸ்பீக்கர் போன்

பிப்ரவரியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் தேன்மொழியோடு போனில் பேச வேண்டும் என்று மெயில் அனுப்பினார். உதவித்தொகை அவர் கையில் இருந்தது. மாலை ஆறரை மணிக்கு அழைப்பு. எம்.டி. அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். கன்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் இருந்தார். நான் எழுதிக்கொடுத்த இருபது கேள்வி பதில்களும் தேன்மொழியின் மடியில் இருந்தன.

பேராசிரியர் அந்த இருபதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் அவர், நான் முப்பது வருஷமாகக் கிணறுகளைப் பார்த்துவருகிறேன், இவ்வளவு ஒழுக்கமான கிணற்றைப் பார்த்ததில்லை, இதை நீ உண்மையாகவே அளந்தாயா என்றார். எம்.டி. "யெஸ் சொல்லு" என்று வாயசைத்தார். தேன்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, தினமும் அளந்தேன், ஆனால் நீங்கள் வைத்திருப்பதில் சில எண்கள் என்னுடையவை இல்லை என்றாள். என்னுடையதில் ஜூனில் தண்ணீர் ஏறும், அப்போது பதினோரு நாள் தண்ணீர் லாரி ஸ்டிரைக், என் அப்பா லாரி ஓடவில்லை, பக்கத்துக் கிணற்று லாரிகளும் ஓடவில்லை என்றாள். நவம்பரில் இறங்கும், பக்கத்து மனையில் அடுக்குமாடிக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்து மூன்று மோட்டார் வைத்து நாள் முழுக்க இறைத்தார்கள் என்றாள். அவள் இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, ஆனால் எந்த இடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டு அவர், அப்படியானால் எண்களை மாற்றியது யார் என்றார்.

எம்.டி. கை போனை அணைக்கப் போயிற்று. தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லாவிட்டால் பழி அவள் தலையில்தான். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுதியவளுக்கு அப்போது கிடைத்தவை மூன்றே வார்த்தைகள். "ஐ டிட், சார்." வெட்கத்தில் காது சுட்டது. பேராசிரியர், அவள் கையால் எழுதிய நோட்டுகளை அப்படியே அனுப்புங்கள், எதையும் திருத்த வேண்டாம், பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஒரு வார்த்தை புரியாமல் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன் மகள் பக்கம் திரும்பினார்.

"லாரி லாரின்னியே, நம்ம லாரியவா சொன்ன?"

கூரியர்

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே கன்னியப்பன் வாசலில் நின்றார். தனியாக வந்திருந்தார். கையில் அந்த பிளாஸ்டிக் கவர். இரவெல்லாம் நான் எதிர்பார்த்துப் பயந்தது இதைத்தான். லாரிகளால்தான் கிணறு இறங்குகிறது என்று வெளிநாட்டுக்காரனிடம் தொழிலைப் போட்டுக்கொடுத்த மகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லப்போகிறார், நானும் ஒன்றும் பேச முடியாது என்று நினைத்தேன். அவர் நோட்டுகளை மேஜையில் வைத்தார். வீட்டில் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். லாரி நின்ற நாளில் தண்ணீர் ஏறியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். காட்டினேன். எண்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போனார்.

"உங்களுக்கு வருத்தமாக இருக்கும்" என்று இழுத்தேன். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தேன், யாரிடம் எதற்குக் கேட்பது என்றுதான் குழப்பம். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். படி இறங்கப் போனவர் நின்று சொன்னார்.

"கெணறு எறங்கிகினு கீறது எனக்குத் தெரியாதா மேடம்? பக்கத்துலயே நின்னு இந்தப் பொண்ணு அதத்தான் எழுதிகினு இருந்துச்சுன்னு தெரியாது."

புதிய சேவை

ஏப்ரலில் கடிதம் வந்தது. உதவித்தொகையோடு இடம். திருத்தாத நோட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்று பேராசிரியர் அதிலேயே எழுதியிருந்தார். ஆகஸ்டில் தேன்மொழி கிளம்பினாள். கிணற்று இடம் விற்கப்படவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவள் நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எம்.டி. என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு ஒரு நோட்டீஸ் அடித்தார். விண்ணப்பத்துக்கு வேண்டிய ரஃப் நோட்டுகள் எங்களிடம் தயாரித்துத் தரப்படும். அனுபவமுள்ள பிசிக்ஸ் ஆசிரியை நேரடிக் கண்காணிப்பு. அந்த ஆசிரியை நான்தான். பழைய நோட்டு மாதிரித் தெரிய தாளில் தண்ணீர் தெளித்து மாடியில் காயவைக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அங்கங்கே அடித்தல் திருத்தல் போட்டு, நடுவில் இரண்டு விசித்திரமான ரீடிங்கும் அவற்றுக்குப் பொருத்தமான காரணமும் நான் எழுத வேண்டும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான், அடுத்த வேலை எங்கே என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் வாடிக்கையாளர் சேலையூரிலிருந்து வந்த ஓர் அம்மா. புத்தம் புது லாங் சைஸ் நோட்டைப் பையிலிருந்து எடுத்து, பக்கத்தில் நின்ற பையனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"மேடம், நம்ம பையனுக்குத் தப்பு கொஞ்சம் ஜாஸ்தியாவே போடுங்க, முழு ஸ்காலர்ஷிப் வேணும்."

அன்றைக்கே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று முடித்தால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நான் விட்டது மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் நான்கு பையன்களுக்குத் தப்பு போட்டுக் கொடுத்துவிட்டேன்.